நஞ்சுக்கொடியில் மிஞ்சும் இரத்தம்

குழந்தை வெளியே வந்து, தொப்புள்கொடியை வெட்டிய பிறகும் குழந்தையின் இரத்தத்தில் ஒரு பங்கு கொடியின் இரத்தக் குழாய்களிலும் நஞ்சுக்கொடியிலும் மிஞ்சி நிற்கும். அளந்து பார்த்தால் பெரும்பாலும் 50 முதல் 100 மில்லி. ஒரு சிறிய காபி டம்ளர் அளவு. அரை மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடியும் கருப்பையிலிருந்து கழன்று வந்துவிடும். புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடியில் உள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையானாலும் சரி, கோரிமேட்டு ஜிப்மரானாலும் சரி, அது மஞ்சள் பைக்குள் போகும். மருத்துவக் கழிவு விதிகளின்படி மனித உடற்பாகங்களுக்கு உரிய நிறம் மஞ்சள். வீட்டிலேயே பிரசவம் பார்த்த காலத்தில் மருத்துவச்சி அதைப் பானையிலிட்டுக் கொல்லையில் புதைக்கச் சொல்வாள். பசு கன்று ஈன்றால் நஞ்சை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டுவார்கள். புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் பழைய ஆலமரங்களில் அந்தப் பொதிகளைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு.

மண்ணுக்கோ மஞ்சள் பைக்கோ போகும் அந்த ஒரு டம்ளர் இரத்தத்தில், புது இரத்தத்தையே உண்டாக்கவல்ல செல்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல், குருத்தணு என்று இரண்டு பெயரிலும் தமிழில் வழங்கும் செல்கள் இவை. இரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை வற்றிப்போகும் நோய்கள், பிறவியிலேயே நோய் எதிர்ப்பு இல்லாமை போன்றவற்றுக்கு எலும்பு மஜ்ஜைக்குப் பதிலாக இந்த இரத்தத்தை ஏற்றிச் சிகிச்சை செய்யலாம். உலகம் முழுவதும் 40,000-க்கு மேற்பட்டோருக்கு அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது.

கல்லீரலிலிருந்து எலும்புக்கு

தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் செல்கள் ஏன் இருக்க வேண்டும்? வளர்ந்தவர்களின் இரத்த ஓட்டத்தில் அவை மிக அரிது. எலும்புக்குள், மஜ்ஜையின் மறைவில் இருந்துகொண்டு அங்கிருந்தே சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று நாள்தோறும் கோடிக்கணக்கில் உற்பத்தி செய்து வெளியே அனுப்பும். கருவுக்கு ஆரம்பத்தில் அந்த எலும்பே உருவாகியிருக்காது. அதனால் கருவின் இரத்தத் தொழிற்சாலை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. முதல் சில வாரங்களில் கருவுணவுப் பையின் சுவரில் தொடங்கி, பிறகு கல்லீரலுக்குப் போய், கடைசி மாதங்களில் எலும்புகளுக்குள் குடியேறுகிறது. வீடு மாறும்போது சாமான்கள் தெருவில் இருக்கும் அல்லவா, அதுபோலப் பிரசவ நேரத்தில் ஏராளமான ஸ்டெம் செல்கள் இரத்த ஓட்டத்தில் இருக்கின்றன. பிறந்த சில நாட்களில் அவை எலும்புக்குள் போய் அடங்கிவிடும். சரியான அந்தத் தருணத்தில்தான் கொடி வெட்டப்படுகிறது.

இந்தச் செல்களின் மேற்பரப்பில் சிடி34 என்ற புரதம் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அவற்றை எண்ணுவது அந்த அடையாளத்தை வைத்துத்தான். பச்சிளம் செல்கள் என்பதால் பெருகும் ஆற்றல் அதிகம். அவற்றோடு சேர்ந்து வரும் நோய் எதிர்ப்புச் செல்களும் இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காதவை. இந்த இரண்டாவது குணம்தான் பின்னால் மிகப் பெரிய அனுகூலமாக அமைந்தது.

பாரிஸ், 1988

கொடி இரத்தத்தில் இரத்தம் உண்டாக்கும் செல்கள் உண்டு என்பது 1970-களிலேயே சோதனைக் குழாயில் தெரிந்துவிட்டது. ஒரு மனிதனின் மஜ்ஜையை முழுவதும் மீட்டெடுக்க அது போதுமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் இண்டியானாவில் ஹால் பிராக்ஸ்மேயர் ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பிரசவங்களின் கொடி இரத்தத்தைச் சேகரித்து, உறைய வைத்து, எண்ணி, போதும் என்று கணக்குக் காட்டினார்கள்.

கணக்கு மெய்யானது வேறு கண்டத்தில். அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஃபான்கோனி இரத்தசோகை. மரபணுவில் ஏற்படும் சேதத்தைச் செல் பழுதுபார்க்க முடியாமல் போகும் பரம்பரை நோய் இது. மஜ்ஜை படிப்படியாக வற்றும். அவன் தாய் மறுபடி கருவுற்றிருந்தார். கருவிலேயே சோதித்ததில், பிறக்கப்போகும் தங்கைக்கு அந்த நோய் இல்லை, திசுப் பொருத்தமும் முழுமையாக இருக்கிறது என்று தெரிந்தது. நோய் இல்லாமலிருக்க நான்கில் மூன்று, பொருத்தம் அமைய நான்கில் ஒன்று. இரண்டும் கூடிவர 16-ல் 3 வாய்ப்புதான். தங்கை பிறந்ததும் கொடி இரத்தம் இண்டியானாவுக்குப் போய் உறைநிலையில் வைக்கப்பட்டது. சிறுவனும் அந்த இரத்தப் பையும் பிறகு பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏன் பாரிஸ்? மாற்றுச் செல்களை ஏற்றுவதற்கு முன் நோயாளியின் பழைய மஜ்ஜையை மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழிக்க வேண்டும். ஃபான்கோனி நோயாளிகளின் செல்கள் வழக்கமான அளவைத் தாங்காமல் செத்துப்போகும். அவர்களுக்கென்று அளவைக் குறைத்த முறையை உருவாக்கியிருந்தவர் செயின்ட் லூயி மருத்துவமனையின் எலியான் குளுக்மான். 1988 அக்டோபரில் அவர் அந்த இரத்தத்தை ஏற்றினார். தங்கையின் செல்கள் அண்ணனின் எலும்பில் வேர் பிடித்தன. சிறுவன் வளர்ந்து பெரியவனானான்.

செயின்ட் லூயி, நான்காம் ஹென்றி மன்னர் கொள்ளைநோய்க்காரர்களுக்காக 1607-ல் கட்டத் தொடங்கிய மருத்துவமனை. பாரிஸின் பத்தாம் வட்டாரத்தில் இருக்கிறது. அதே வட்டாரத்தின் வடகோடியில்தான் லா ஷப்பெல், மளிகைக்கடையும் நகைக்கடையும் இடியாப்பமுமாக ஈழத் தமிழர்களும் புதுச்சேரிக்காரர்களும் கூடும் தெருக்கள். கடைக்குப் போகிறவர் நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் மருத்துவ வரலாற்றின் ஒரு திருப்பம் நடந்திருக்கிறது. அந்த மருத்துவமனைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. திசுப் பொருத்தத்தின் அடிப்படையான எச்எல்ஏ அமைப்பை முதன்முதலில் 1958-ல் அடையாளம் கண்டு, 1980-ல் நோபல் பரிசு பெற்ற ழான் டோசெ பல ஆண்டுகள் பணிபுரிந்த இடம் அது.

பிரான்ஸில் இதை நஞ்சுக்கொடி இரத்தம் என்றும் சொல்வார்கள். இரத்தம் எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்த்தால் அந்தப் பெயரே பொருத்தம்.

பையும் ஊசியும்

சேகரிக்கும் வேலை பார்ப்பதற்கு எளிது. குழந்தையைத் தாயின் வயிற்றின் மேல் கிடத்தி, கொடியில் இரண்டு கிளாம்ப் போட்டு நடுவே வெட்டிய பின், தாய்ப்பக்கம் மிஞ்சும் கொடியை அயோடினால் துடைக்கிறார்கள். கொடிக்குள் வழவழப்பான கூழுக்கு நடுவே இரண்டு தமனியும் ஒரு சிரையும் இருக்கும். சிரைதான் பெரியது, கண்ணுக்கே நீலமாய்த் தெரியும். அதில் தடித்த ஊசியைக் குத்தி, உறையாமல் இருக்க சிட்ரேட் கரைசல் ஊற்றிய பையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டால் இரத்தம் தானாக இறங்கும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கொடி வெளிறித் தளர்ந்துபோனால் இனி வராது என்று பொருள். தாய்க்கும் வலி இல்லை, குழந்தைக்கும் இல்லை. அந்தக் கொடியில் நரம்பே கிடையாது. தாயிடமிருந்தும் இரண்டு குழாய் இரத்தம் எடுப்பார்கள்: எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிஃபிலிஸ், மலேரியா சோதனைகளுக்கு.

புதுச்சேரியில் எடுத்த பை அன்றைக்கே வெப்பம் தாக்காத பெட்டியில் சென்னைக்குப் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர்; மூன்று மூன்றரை மணி நேரம். 48 மணி நேரத்துக்குள் பதப்படுத்திவிட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. ஆய்வுக்கூடத்தில் சிவப்பணுக்களையும் நீர்ப்பகுதியையும் பிரித்து நீக்கி, வெள்ளையணுக்களும் ஸ்டெம் செல்களும் உள்ள பகுதியை 25 மில்லி அளவுக்குச் சுருக்குகிறார்கள். பெரிய பையில் வந்தது ஒரு தீப்பெட்டி போன்ற தட்டையான சின்னப் பையாகிறது.

அடுத்து வருவதுதான் நுட்பமான கட்டம். செல்லை அப்படியே உறைய வைத்தால் உள்ளிருக்கும் நீர் பனி ஊசிகளாகி, சவ்வைக் கிழித்துவிடும். அதனால் டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைச் சேர்க்கிறார்கள்; அது நீருக்குள் புகுந்து படிகம் கட்டவிடாமல் தடுக்கும். பிறகு கணினி கட்டுப்படுத்தும் பெட்டியில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று நிதானமாகக் குளிர்வித்து, கடைசியில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜன் தொட்டியிலோ அதன் ஆவியிலோ இறக்குகிறார்கள். அங்கே செல்லுக்குக் காலம் நின்றுவிடும். 20 ஆண்டுகளுக்கு மேல் உறைந்திருந்த பைகளை உருக்கிப் பார்த்த பிராக்ஸ்மேயர் குழு, ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் உயிரோடும் வேலை செய்யும் நிலையிலும் இருப்பதைக் காட்டியிருக்கிறது.

எண்ணிக்கையில்தான் சிக்கல். மாற்றுச் சிகிச்சைக்கு நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது இரண்டரைக் கோடி உட்கரு உள்ள செல்கள் வேண்டும். பத்துக் கிலோ குழந்தைக்கு 25 கோடி போதும். 60 கிலோ பெரியவருக்கு 150 கோடி தேவை. நல்லதொரு பையில் 100 கோடி இருந்தாலே அதிர்ஷ்டம். கொடி இரத்தம் முதலில் குழந்தைகளின் மருந்தாக நிலைபெற்றதற்கு இந்தக் கணக்கே காரணம். பெரியவர்களுக்கு இரண்டு குழந்தைகளின் பைகளைச் சேர்த்து ஏற்றும் முறையை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், சில வாரங்களில் இரண்டில் ஒன்று மற்றதை வென்று மஜ்ஜை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். எது ஜெயிக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது.

ஏற்றுவது இரத்தம் ஏற்றுவதைப் போலத்தான்; கைச் சிரையிலோ கழுத்துச் சிரையிலோ சொட்டுச் சொட்டாக. செல்கள் தாமாகவே எலும்புக்கு வழி கண்டுபிடித்துப் போகும். காத்திருப்பு அதன் பிறகு. பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவர் பச்சை பிடிக்கும் வரை வயலையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல, வார்டில் தினமும் காலையில் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்கிறார்கள். பழைய மஜ்ஜை அழிந்துவிட்டது. புதியது இன்னும் முளைக்கவில்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-ஐத் தாண்டினால் வேர் பிடித்துவிட்டது என்பார்கள். மஜ்ஜை மாற்றில் இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். கொடி இரத்தத்தில் மூன்றரை, நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். கூடுதலாகும் ஒவ்வொரு நாளும் கிருமிக்குக் கதவு திறந்து வைத்த நாள். நோயாளிகள் சிலரை இழப்பது இந்த இடைவெளியில்தான்.

பத்துப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் திசுப் பொருத்தத்தை விளக்குவது கஷ்டமில்லை. ஆறாவது குரோமோசோமில் எச்எல்ஏ மரபணுக்கள் ஒரே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் அப்பாவிடமிருந்து ஒரு வரிசை, அம்மாவிடமிருந்து ஒரு வரிசை. முக்கியமான ஐந்து மரபணுக்களை இரண்டிரண்டாகக் கணக்கிட்டால் பத்து. மஜ்ஜை கொடுப்பவர் முன்பின் அறியாதவர் என்றால் மருத்துவர்கள் தேடுவதும் பத்துக்குப் பத்துதான். ஆனால் இந்த மரபணுக்களின் வகைகள் பல பத்தாயிரம். ஜோசியர் போல ஏதாவது பரிகாரம் சொல்லிச் சமாளிக்க இங்கே வழியில்லை. பொருந்தாத செல்லை ஏற்றினால் அந்தச் செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலை அந்நியமாகக் கருதித் தாக்கும்.

உடன்பிறந்தவர் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அது இல்லையென்றால் கொடையாளர் பதிவேட்டில் தேட வேண்டும். அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளியினரில் 75 சதவீதத்தினருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் என்றும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 20 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே கிடைக்கும் என்றும் கணக்கிட்டது. எந்த இனத்தார் பதிவேட்டில் அதிகமோ அந்த இனத்தாருக்கே பொருத்தம் கிடைக்கும். சாதி, உட்பிரிவு, வட்டாரம் என்று தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்ட இந்தியாவில் அமெரிக்கப் பதிவேடு பெரிதாக உதவாது. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி என்னும் கொடையாளர் பதிவேடு இந்தக் குறையைப் போக்கத்தான் வந்தது.

கொடி இரத்தம் பத்துக்குப் பத்து என்ற சட்டத்தைத் தளர்த்துகிறது. கிருமி எதையும் சந்திக்காத எதிர்ப்புச் செல்கள் சாதுவாக இருப்பதால், பத்தில் ஆறை மட்டும் பார்த்து, அந்த ஆறுக்கு நாலு பொருந்தினாலே ஏற்றலாம். அதே 2014 ஆய்வு, 20 வயதுக்கு உட்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும், எந்த இனத்தாராயினும், இந்த அளவு பொருத்தமுள்ள கொடி இரத்தம் கிடைக்கும் என்றது. உறைந்த பை தயாராகக் காத்திருக்கும் என்பது இன்னொரு வசதி. கடைசி நேரத்தில் மனம் மாறும் கொடையாளர் என்ற பேச்சே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் இரத்த மையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டீன் முதல் பொதுக் கொடி இரத்த வங்கியைத் தொடங்கியதும், 1993-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோவான் கர்ட்ஸ்பர்க் அங்கிருந்து வந்த பையை உறவில்லாத ஒரு குழந்தைக்கு ஏற்றியதும் இந்த நம்பிக்கையில்தான்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சொந்தத்தில் மணமுடிக்கும் வழக்கம் இந்தக் கதையில் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவதால், இருவரும் ஒரே மறைந்திருக்கும் பழுதுபட்ட மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஃபான்கோனி, தலசீமியா போன்றவை அப்படித்தான் பிள்ளைக்கு வந்து சேர்கின்றன. அதே சமயம் எச்எல்ஏ வரிசைகளும் குடும்பத்துக்குள்ளேயே சுற்றி வருவதால், அண்ணன் தம்பியில் பொருத்தம் இல்லாதபோது சித்தப்பா பிள்ளையிடமோ தாய் தந்தையிடமோ கிடைத்துவிடுவதும் உண்டு. குடும்ப மரத்தை வரைந்து பார்க்காமல் பதிவேட்டைத் திறப்பது இங்கே பண விரயம்.

யாருக்காகச் சேமிப்பது

பொது வங்கிக்குக் கொடுப்பது இரத்த தானம் போல. பை யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குப் போகும். கொடுத்தவருக்குச் செலவும் இல்லை, உரிமையும் இல்லை. தனியார் வங்கியில் வைப்பது லாக்கர் போல. பல பத்தாயிரம் ரூபாய் கட்டணம், தவணை வசதி, 21 ஆண்டோ 75 ஆண்டோ ஒப்பந்தம், பை அந்தக் குடும்பத்துக்கு மட்டும். கர்ப்பிணிகள் பரிசோதனைக்குக் காத்திருக்கும் தனியார் கிளினிக்குகளின் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரம் பெரும்பாலும் இரண்டாவது வகைக்கு உரியது. ஏழாம் மாதத்தில் ஒரு பிரதிநிதி வந்து, பிள்ளைக்கு வாழ்நாள் காப்பீடு என்று சொல்வார். வளைகாப்புச் செலவோடு செலவாக ஒரு கையெழுத்து விழும்.

காப்பீடு என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். தலசீமியா வந்தால் அந்தக் குழந்தையின் கொடி இரத்தத்திலும் அதே பழுது இருக்கும். திருப்பி ஏற்றினால் நோயையே திருப்பி ஏற்றியதாகும். குழந்தைப் பருவ இரத்தப் புற்றுநோயிலும் புற்றுக்கு வித்திடும் முதல் மாற்றம் பல சமயம் பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கிறது. மேலும் புற்றை வெல்வதில் அந்நிய எதிர்ப்புச் செல்களுக்கு இருக்கும் பங்கு சொந்தச் செல்லுக்கு இல்லை. முதல் 20 ஆண்டில் ஒருவருக்குத் தன் சொந்தக் கொடி இரத்தம் தேவைப்படும் வாய்ப்பு 2,500-ல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரை என்பது நிபுணர் சங்கங்களின் மதிப்பீடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சொந்த உபயோகத்துக்காகச் சேமிக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கொடி இரத்தம் தவிர மற்ற திசுக்களை, அதாவது கொடியின் கூழ், பல் கூழ், மாதவிடாய் இரத்தம் முதலியவற்றை, வணிக நோக்கில் சேமிக்கவே அனுமதி இல்லை என்றும் அதில் உண்டு. ஆட்டிசம் முதல் சர்க்கரை நோய் வரை குணமாகும் என்ற பேச்சுக்கும் ஆதாரம் போதாது. டியூக் பல்கலைக்கழகம் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வு எதிர்பார்த்த முதன்மைப் பலனைக் காட்டவில்லை.

இந்தியாவில் தனியார் வங்கி நடத்தத் தடை இல்லை. மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் 2004-ல் தொடங்கிய லைஃப்செல் நிறுவனம் இத்துறையில் பெரியது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பை என்ற முறையின் பலவீனத்தை உணர்ந்ததுபோல, 2017-ல் உறுப்பினர்கள் தமக்குள் பைகளைப் பகிர்ந்துகொள்ளும் சமூக வங்கி முறைக்கு அது மாறியது. பகிர்ந்தால்தான் பயன் என்பதை வணிகமே ஒப்புக்கொண்ட இடம் என்று இதைச் சொல்லலாம். சென்னையின் ஜீவன் அறக்கட்டளை பொதுக் கொடி இரத்த வங்கி ஒன்றைத் தொடங்கியது. பிறகு வளர்ந்த கொடையாளர் பதிவேட்டிலும் இறங்கியது. பொது வங்கி நடத்துவது எளிதல்ல. எடுத்த பைகளில் பாதிக்கு மேல் செல் போதாமல் ஒதுக்கப்படும். மிஞ்சியவற்றைப் பரிசோதித்து, பல ஆண்டு நைட்ரஜன் ஊற்றிக் காத்தாலும், யாராவது ஒருவர் கேட்கும்வரை ஒரு ரூபாய் வராது. ஒரு பைக்கு 30,000 டாலருக்கு மேல் அமெரிக்க வங்கிகள் விலை வைப்பது இந்தக் கணக்கில்தான்.

பிரான்ஸ் வேறு பாதையில் போனது. 2011-ஆம் ஆண்டு உயிரியல் அறச் சட்டம் வரும்வரை அங்கே நஞ்சுக்கொடி இரத்தம் அறுவைக் கழிவு என்றே கருதப்பட்டது. அந்தச் சட்டம் அதற்கு உடல் திசுவின் தகுதியைக் கொடுத்தது. பெயர் வெளியிடாமல், காசு வாங்காமல், பிறருக்காகக் கொடுக்கலாம். குடும்பத்தில் ஏற்கெனவே நோயாளி இருந்தால் அவருக்கென்று ஒதுக்கி வைக்கலாம். ஆரோக்கியமான குழந்தைக்காகச் சொந்தத்தில் சேமிக்க முடியாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அக்கா பாரிஸில் பிரசவித்தால் தனியார் வங்கி என்ற பேச்சே எழாது. தங்கை தாய் வீட்டுக்கு வந்து புதுச்சேரியில் பிரசவித்தால் கையேட்டோடு பிரதிநிதி வந்துவிடுவார். ஒரே குடும்பம், ஒரே இரத்தம், இரண்டு சட்டம்.

தாயத்து

குழந்தையின் வயிற்றில் ஒட்டியிருக்கும் கொடித் துண்டு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழும். அதை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவது பழைய வழக்கம். ஸ்டெம் செல் என்ற சொல் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கிய பிறகு, நம் முன்னோர் அந்த அறிவியலை அன்றே அறிந்திருந்தார்கள், பெரிய நோய் வந்தால் தாயத்தைத் திறந்து அரைத்துக் கொடுப்பார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பார்க்காத தமிழர் குறைவு. மேலே சொன்னதைப் படித்தவருக்கு விடை தெரியும். காய்ந்த துண்டில் இருப்பது கூழும் தோலும். இரத்தம் மருத்துவமனையில் நஞ்சுக்கொடியோடு போய்விட்டது. உயிரோடு காக்க மைனஸ் 196 டிகிரி தேவைப்படும் செல், அரைஞாணில் வெயிலில் காய்ந்து உயிரோடு இருக்காது. வறுத்த பயறு முளைக்காது. தாயத்தில் தாயின் நினைவு இருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டு, மருந்தாக அல்ல.

இன்னொரு பக்கம், கொடியைச் சற்றுத் தாமதித்து வெட்ட வேண்டும் என்பது இன்றைய பிரசவ மருத்துவத்தின் உறுதியான பாடம். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் கிளாம்ப் போட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் நஞ்சுக்கொடியில் உள்ள இரத்தம் குழந்தைக்குள் போய்ச் சேர்கிறது, அதோடு பல மாதங்களுக்கான இரும்புச் சத்தும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கும் தமிழ்நாட்டில் 57 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை. இப்படியொரு நாட்டில் வங்கிப் பை நிறைய வேண்டும் என்று அவசரமாகக் கொடியை வெட்டினால், பிள்ளையிடமிருந்து எடுத்துத்தான் பிள்ளைக்குச் சேமிக்கிறோம் என்றாகும். தாமதித்து வெட்டினால் பையில் இரத்தம் குறையும். பல பைகள் சிகிச்சைக்குப் போதாதவை ஆகும். இரண்டையும் ஒருசேர முழுதாகப் பெற முடியாது.

இன்றைய நிலை

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கொடி இரத்தத்துக்கு ஒரு வலுவான போட்டி வந்திருக்கிறது. பாதிப் பொருத்தமுள்ள தாய், தந்தை, பிள்ளை யாரிடமிருந்தாவது செல் எடுத்து ஏற்றி, மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு மருந்து கொடுத்து, தாக்கவரும் செல்களை மட்டும் கொல்லும் முறை அது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வளர்த்தெடுத்தது. பாதிப் பொருத்தம் எந்த வீட்டிலும் உண்டு, செலவும் குறைவு. இரட்டைக் கொடி இரத்தத்தோடு அதை நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2021-ல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் கொடி இரத்தம் பெற்றவர்களில் 46 சதவீதமும் பாதிப் பொருத்தம் பெற்றவர்களில் 57 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். இந்தியாவிலும் இந்த முறைதான் வேகமாகப் பரவுகிறது.

கொடி இரத்தத்தை விட்டுவிடவும் இல்லை. செல்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கி எண்ணிக்கைக் குறையைச் சரிசெய்யும் ஓமிடுபிசெல் என்ற தயாரிப்புக்கு அமெரிக்கா 2023 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. வேர் பிடிக்கும் காலம் 22 நாளிலிருந்து 12 நாளாகக் குறைந்தது. அப்போது வைத்த விலை 3,38,000 டாலர். 2022-ல் நியூயார்க்கில் இரத்தப் புற்றுநோயும் எச்ஐவியும் இருந்த ஒரு பெண்ணுக்கு, எச்ஐவியை உள்ளே விடாத அரிய மரபணு மாற்றம் கொண்ட கொடி இரத்தத்தை ஏற்றி இரண்டையும் அடக்கியதாக மருத்துவர்கள் அறிவித்தார்கள். அந்த மாற்றத்துக்கு முழுப் பொருத்தமுள்ள கொடையாளரைத் தேடியிருந்தால் கிடைத்திருப்பது சந்தேகம். ஆறுக்கு நாலு என்ற தளர்வுதான் வழி விட்டது.

ஒரு குடும்பம் தன் பையைத் தனக்கென்று ஒதுக்கி வைப்பதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரெஞ்சுச் சட்டமும் ஒரே ஒரு சூழலில் ஒத்துப்போகின்றன. மூத்த பிள்ளைக்கு ஏற்கெனவே தலசீமியா போன்ற நோய் இருக்கிறது, தாய் மறுபடி கருவுற்றிருக்கிறாள். புதுச்சேரியில் அப்படி ஒரு தாய் செய்ய வேண்டியது, பிள்ளைக்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றும் வார்டிலேயே மருத்துவரிடம் கருவுற்ற செய்தியை உடனே சொல்வது. மூன்றாம் மாதத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு துளித் திசு எடுத்து, வயிற்றுப் பிள்ளைக்கு அந்த நோய் உண்டா என்று பார்க்கலாம். மூத்த பிள்ளையோடு எச்எல்ஏ பொருந்துகிறதா என்பதும் அதிலேயே தெரியும். பொருந்தினால் பிரசவ தேதிக்கு முன்பே பெட்டி வந்து லேபர் வார்டில் காத்திருக்கும். கொடி இரத்தம் மட்டும் போதாமல் போனால், சின்னவன் கொஞ்சம் வளர்ந்த பிறகு அவன் மஜ்ஜையிலும் சிறிது எடுத்து இரண்டையும் சேர்த்து ஏற்றுவதும் உண்டு. தமிழ்நாட்டில் அதற்குப் பழகிய இடம் வேலூர் சிஎம்சி. 1986 முதல் மஜ்ஜை மாற்று செய்துவரும் அந்த மருத்துவமனைக்குப் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், ஆரணி வழியாகப் பஸ்ஸில் போகலாம்.